ஆணி வலிக்கவில்லை என்றால்...

கால் ஆணி புற்றுநோயாக மாறாது. அதற்கு வேரும் இல்லை, உடம்பில் பரவவும் செய்யாது. இணையத்தில் பார்த்த படங்களை மறந்துவிடுங்கள். ‘ஆணி புற்றுநோயாகிவிடுமோ’ என்று கடிதத்தில் மூன்று பக்கம் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இவ்வளவுதான் பதில்.

எனக்குக் கவலை தருவது போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரி: ‘பத்து வருடமாகச் சர்க்கரை. நல்லவேளை, ஆணி இப்போது முன்போல வலிப்பதில்லை.’

ஆணி அப்படியே இருக்க, வலி மட்டும் போனால் அது நல்ல சேதி இல்லை. ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தமும் உரசலும் இருந்தால், தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் தடிக்கிறது. தடித்தது நடுவில் கூம்பாகி உள்ளே இறங்கும். காலடி வைக்கும்போதெல்லாம் செருப்புக்குள் கல் கிடப்பதுபோலக் குத்த வேண்டும். குத்தவில்லை என்றால், சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். வலிக்காததால் நீங்களும் அங்கேயே ஊன்றி நடப்பீர்கள். அடியில் சதை நசுங்கி ரத்தம் கட்டும். மேலே காய்ந்த மூடி, உள்ளே புண். ஆணிக்குள் கருஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ, சாக்ஸில் ஈரக் கறை பட்டாலோ, வாடை அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இப்போது எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை.

அதுவரை பிளேடைத் தொடாதீர்கள். ஆணிமேல் ஒட்டும் கார்ன் கேப்பும் வேண்டாம். அதில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. மரத்த காலை அது அரித்தால் உங்களுக்கும் தெரியாது. மூன்று முறை ஒட்டியும் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம்.

வெட்ட வெட்ட ஏன் வருகிறது? பிளேடு தோலைத்தான் சீவும், அழுத்தம் அப்படியே இருக்கிறதே! கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் வளைந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வளைந்த விரல் தன் அடி எலும்பைக் கீழே தள்ளும். உங்கள் ஆணியும் சரியாக அதன் நேர்கீழேதான் இருக்கிறது. முன்பக்கம் அகலமான, மெத்தென்ற காலணிக்கு மாறுங்கள். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும்.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது தினமும் போடும் செருப்பிலேயே போங்கள். எந்த இடம் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது என்று அவர் பார்க்கட்டும்.