கேள்வி–பதில்: ஒரு கடலுக்காக இரண்டு பேர்

கேள்வி: நாவலைப் படமாக்கும்போது எழுத்தாளரும் இயக்குநரும் முட்டிக்கொள்வதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். அந்தச் சண்டையால் ஏதாவது நன்மை உண்டா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருவது போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் லெம்மும் ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கியும் போட்டுக்கொண்ட சண்டை.

லெம்மின் 'சோலாரிஸ்' நாவல் 1961இல் வந்தது. அதைத்தான் தார்கோவ்ஸ்கி படமாக்கினார். ஒரு கிரகத்தையே மூடிக்கிடக்கும் கடல். அந்தக் கடல் முழுவதும் ஒரே உயிர். அதன்மேல் மிதக்கும் ஆய்வு நிலையத்துக்குக் கெல்வின் என்பவன் வந்து சேர்கிறான். தூங்கி விழித்தால், அவன் காதலித்து, பல வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்டவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவன் நினைவிலிருந்து அவளை எடுத்து உருவாக்கி அனுப்பியது அந்தக் கடல். எதற்காக? தண்டனையா, பரிசா, வெறும் விளையாட்டா? கடைசிவரை தெரியாது. லெம்முக்கு அந்தத் 'தெரியாது'தான் நாவலே.

தார்கோவ்ஸ்கிக்கு வேண்டியது வேறு. அவருக்கு அந்தப் பெண் வேண்டும், கெல்வினின் குற்றவுணர்வு வேண்டும், அவன் விட்டுவந்த வீடு வேண்டும். 1969இல் அவரும் ஃப்ரீட்ரிக் கொரென்ஷ்டைனும் எழுதிய முதல் திரைக்கதையில் மூன்றில் இரண்டு பங்கு பூமியிலேயே நடந்தது. கெல்வினுக்கு மரியா என்று இன்னொரு மனைவியும் உண்டு. லெம் கொதித்துப்போனார். மாஸ்கோவுக்குப் போய் வாரக்கணக்கில் வாதாடி, கடைசியில் தார்கோவ்ஸ்கியை முட்டாள் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பியதாக அவரே பின்னாளில் பேட்டியில் சொன்னார். தார்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸே இல்லை, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்பது லெம்மின் தீர்ப்பு.

ஆனால் பாருங்கள், லெம் மட்டும் இல்லை, படத்தைத் தயாரித்த மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோவும் அந்தத் திரைக்கதையை எதிர்த்தது. பூமிக் காட்சிகள் குறைந்தன, மரியா போனாள். 1972இல் வந்த படத்தில் பூமியில் நடப்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். மீதி முழுக்க அந்த நிலையத்தில். அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் நாம் பார்த்திருப்பது வேறு படம், இதைவிடத் தளர்ந்த படம் என்றே நான் நம்புகிறேன். நூலகத்தில் முப்பது விநாடி ஈர்ப்பு விசை இல்லாமல் போய், மெழுகுவர்த்தித் தண்டு மெல்ல மிதந்து போக, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையோடு கெல்வினும் அவளும் அணைத்தபடி எழும்புகிறார்களே, அந்தக் காட்சிக்காக நான் தார்கோவ்ஸ்கிக்கு எதையும் மன்னிப்பேன்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் லெம் பக்கம்தான் நான். படத்தில் கடல் இல்லை. இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே குழம்பிச் சுழலும் திரவமாக மட்டும். நாவலில் அது மலைபோல உருவங்களை எழுப்பிக் கலைக்கும். அதைப் புரிந்துகொள்ள மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிக் குவித்துத் தோற்ற புத்தகங்களின் வரலாறே பக்கம் பக்கமாக வரும். கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலின் கடைசியில் கெல்வின் கடலோரம் இறங்கிக் கையை நீட்டுகிறான். அலை அவன் கையைச் சூழ்ந்துகொள்கிறது, ஆனால் தொடவில்லை. நடுவே மெல்லிய காற்று இடைவெளி. படத்தின் கடைசியில் அவன் தன் வீட்டு வாசலில் அப்பாவின் காலடியில் மண்டியிடுகிறான். வீட்டுக்குள்ளே மழை பெய்கிறது. கேமரா மேலே மேலே போனால், வீடே அந்தக் கடலில் ஒரு சின்னத் தீவு. சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் இதைப் பார்த்த இரவு நான் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

கேள்வி: தார்கோவ்ஸ்கி எல்லா எழுத்தாளர்களோடும் இப்படித்தானா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இல்லை. 'ஸ்டாக்கர்' (1979) படத்துக்கு மூலக்கதை ரஷ்ய எழுத்தாளர்களான ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களுடையது. அவர்கள் வெளியே நின்று சண்டை போடவில்லை, உள்ளே வந்து அவருக்காகத் திரைக்கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். முதலில் எடுத்த பகுதி லேபில் பாழாகி, மறுபடி எடுக்க நேர்ந்தபோது நாயகனையே மாற்றினார்கள். நாவலில் அவன் முரடன், படத்தில் நம்பிக்கையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஏழை. சொந்தக் கதாபாத்திரத்தை இப்படி விட்டுக்கொடுக்கப் பெரிய மனது வேண்டும். லெம்மிடம் அது இல்லை, அதற்காக அவரை நான் குறைத்து மதிக்கவும் மாட்டேன். இன்னொன்று: சோலாரிஸில் ராக்கெட்டும் நிலையமும் கவனத்தைச் சிதறடித்தன, அவை இல்லாமலே எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தார்கோவ்ஸ்கி பிற்பாடு எழுதினார். லெம் படித்திருந்தால் இன்னொரு முறை மாஸ்கோவுக்கு ரயில் ஏறியிருப்பார்!

கேள்வி: முதலில் நாவலா, படமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நாவல். 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாகப் போனது, லெம்முக்கே அதில் திருப்தியில்லை. போலிஷிலிருந்து நேரடியாக பில் ஜான்ஸ்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்திருக்கிறது, அதையே தேடி வாங்குங்கள். படத்தை நாவல் முடித்த அன்றே பார்க்க வேண்டாம். அப்புறம், ஒரு வாரம் கழித்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு.