ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகியும் அப்பாவுக்கு எரிச்சலும் அவசரமும் நிற்கவில்லை. சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மூன்று வாரம் போதாது. அப்பாவுக்கு டி.யு.ஆர்.பி. என்ற ப்ராஸ்டேட் ஆபரேஷன் செய்தார்கள், அரை மணிக்கொரு தரம் எழுந்து போகிறார், பாத்ரூம் போவதற்குள் துணி நனைந்துவிடுகிறது, தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆபரேஷன் நடந்தது, 66 வயதில்.

வெளியே தையல் எதுவும் தெரியாததால் வீட்டில் எல்லோரும் இதைச் சின்ன ஆபரேஷனாக நினைத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, அடைத்த சதையைச் சீவி எடுக்கிறார்கள். உள்ளே அது பச்சைப் புண். ஒவ்வொரு முறையும் சிறுநீர் அதன்மேல்தான் போகிறது. ஆற ஆறு வாரமாவது ஆகும், சிலருக்கு மூன்று மாதம். அதோடு, அடைப்பை எதிர்த்து வருஷக்கணக்காகத் தள்ளித் தள்ளி மூத்திரப்பையின் தசை தடித்துப்போயிருக்கும். கொஞ்சம் நிறைந்தாலே சுருங்கிப் பழகிவிட்ட பை அது. வழி திறந்த அன்றே அந்தப் பழக்கம் போகாது.

தண்ணீரை மட்டும் குறைக்க விடாதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர் மஞ்சளாக வந்து புண்ணில் இன்னும் எரியும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அளவை விட்டுவிட்டு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் இரண்டு லிட்டர் போல, அப்புறம் தொண்டை நனையும் அளவுக்கு. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் காலைக் காப்பி ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன், இரவில் எழுவது நன்றாகவே குறைந்தது.

அவசரம் முட்டும்போது ஓடக் கூடாது. ஓட ஓடத்தான் கசியும். அப்படியே நின்று, காற்றை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை நாலைந்து முறை சட்டென்று இறுக்கி இறுக்கி விட வேண்டும். வயிற்றை இறுக்காமல், மூச்சைப் பிடிக்காமல். முட்டல் தணிந்ததும் நடந்து போகலாம். முதல் சில நாள் பலன் தெரியாது, விட்டுவிட வேண்டாம். போய் முடித்த பிறகு சொட்டுவது வேறு விஷயம். விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்பக்கம் வழித்துவிட்டால் உள்ளே தங்கியது வந்துவிடும்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்கும்போது திடீரென்று சிவப்பாகப் போகும். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும் நேரம் அது, இரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் அதிகம் வரும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் ரோஜா நிறமாகி, பிறகு தெளியும். மலம் கழிக்க முக்கினாலும் குடம், சிலிண்டர் தூக்கினாலும் இப்படி ஆகும். மலம் இளக ராத்திரி இசப்கோல் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பைக்கைச் சில வாரம் தொட வேண்டாம். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும் வேண்டாம், அவற்றில் சில சிறுநீரையே அடைத்துவிடும்.

கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், சிறுநீர் அடியோடு நின்றுபோனால், குளிரோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

துணி நனைவதை அவர் உங்களிடம் சொல்லக் கூசுவார். ஆண்களுக்கான பேட் வாங்கி அவர் அலமாரியில் வைத்துவிடுங்கள், விசாரிக்க வேண்டாம். வீட்டில் வேட்டி கட்டினால் பேன்ட்டை அவிழ்ப்பதற்குள் படும் பாடு மிச்சம். இரவுக்குக் கட்டிலருகே யூரின் பாட்டில் இருக்கட்டும், இருட்டில் ஓடி வழுக்கி விழுவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, சீவி எடுத்த சதையின் பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.