டிராப் ஷூட்டிங்குக்கு எந்த சோக் போடுவது? ஃபுல்லா, மாடிஃபைடா?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் டிராப் ஷூட்டிங்கில், அதாவது இயந்திரம் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுடும் ஆட்டத்தில், இப்போதுதான் இறங்கியிருக்கிறார். மேலும் கீழுமாகக் குழல் உள்ள 12 போர் ஷாட்கன், கூடவே ஐந்து சோக் (குழலின் வாயில் திருகும் சிறு குழாய், தோட்டாவிலிருந்து கிளம்பும் பெல்லட் என்ற சிறு குண்டுகளின் சிதறலை இறுக்குவது இதுதான்; வழக்கமானவற்றில் மிக இறுக்கமானது ஃபுல்). ஒருவர் "ஃபுல்லைத் தவிர வேறெதையும் தொடாதே" என்கிறார், இன்னொருவர் "புது ஆளுக்குச் சிதறல் அகலமாக இருந்தால்தான் படும், இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடு" என்கிறார். யார் சொல்வது சரி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சோக் தனியாக வாங்கினால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பதில், காரணம் அப்புறம். 16 கஜக் கோட்டில் நின்று ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா என்று சுடும் அமெரிக்க டிராப் என்றால் இம்ப்ரூவ்டு மாடிஃபைடு, அதாவது ஐஎம் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். ஒலிம்பிக் டிராப் என்றால் முதலில் சுடும் குழலில் ஐஎம், இரண்டாவதில் ஃபுல். உங்களுக்கு யோசனை சொன்ன இருவரில் ஃபுல்காரர் பக்கம்தான் நான் கொஞ்சம் சாய்வேன். ஆனால் இருவருமே உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: தட்டு உங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போன பிறகு உடைக்கிறீர்கள்?

சோக் செய்யும் வேலை ரொம்பச் சின்னது. 12 போர் குழலின் உள்விட்டம் வழக்கமாக 0.729 அங்குலம். வாய்ப்பக்கம் அதை இம்ப்ரூவ்டு சிலிண்டர் 0.010 அங்குலம் குறுக்குகிறது, மாடிஃபைடு 0.020, ஐஎம் 0.025 முதல் 0.030 வரை, ஃபுல் 0.035 முதல் 0.040 வரை. மொத்த வித்தியாசமும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பழைய கணக்குப்படி 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் பெல்லட் விழுகிறது என்பதுதான் அளவுகோல்: ஃபுல் 70, ஐஎம் 65, மாடிஃபைடு 60, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50.

இந்த எண்களைப் பார்த்தால் "அவ்வளவுதானா வித்தியாசம்?" என்று தோன்றும். தட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று யோசித்தால் விஷயம் மாறிவிடும். டிராப்பில் தட்டு நம்மை விட்டு விலகிப் போகிறது, அதனால் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் விளிம்பு மட்டுமே. 11 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. உயரம், அவ்வளவுதான் இலக்கு. 24 கிராம் தோட்டாவில் ஏழரை நம்பர் அளவு பெல்லட் ஏறக்குறைய 300 இருக்கும். ஃபுல்லில் 40 கஜத்தில் சுமார் 210 அந்த வட்டத்துக்குள் விழுந்து சமமாகப் பரவியதாக வைத்துக்கொண்டால் விளிம்பின் மேல் சராசரியாக ஒன்றேகால் பெல்லட் படுகிறது, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் ஒன்றுக்கும் கீழே. அதே தட்டு முகத்தைக் காட்டினால் ஃபுல்லில் நாலுக்கு மேல் படும். நிஜத்தில் வட்டத்தின் நடுப்பகுதி ஓரத்தைவிட நெருக்கமாக இருக்கும், தட்டும் கொஞ்சம் சாய்ந்து மேற்பக்கத்தைக் காட்டும், 40 கஜத்துக்கு முன்பே உடைத்தால் நெருக்கம் இன்னும் கூடும். ஆனாலும் நம்பி உடைக்க இரண்டு மூன்று பெல்லட்டாவது வேண்டும் என்ற நிலையில், அகலமான சோக் போட்டுவிட்டுச் சரியாகக் குறி வைத்தவனையும் தட்டு முழுசாகத் தாண்டிப் போகும். "கண் முன்னால் தூசி பறந்தது, தட்டு உடையவில்லை" என்று ஸ்கோர் எழுதுபவரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

சரி, தூரத்துக்கு வருவோம். அமெரிக்க டிராப்பில் தட்டு மணிக்குச் சுமார் 67 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது, விநாடிக்கு ஏறத்தாழ 20 கஜம், போகப் போகக் குறையும். நீங்கள் இயந்திரத்துக்கு 16 கஜம் பின்னால் நிற்கிறீர்கள். தட்டு வெளியே வந்து முக்கால் விநாடியில் விசையை இழுப்பவருக்கு பெல்லட் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்து 32, 33 கஜத்தில் தட்டு உடையும். நிதானமாக, நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்பவருக்கு அது 38ஐத் தாண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இரண்டாவது வகைதான். அதனால்தான் "புது ஆளுக்கு அகலமான சோக்" என்ற யோசனை எனக்கு ஒத்துவருவதே இல்லை. தாமதமாகச் சுடுபவருக்குத்தான் இறுக்கமான சோக் அதிகம் தேவை. வேகமாகச் சுடும் தேர்ந்த ஆள் மாடிஃபைடில்கூடத் தட்டைப் பொடியாக்கிவிடுவார்.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, பின்னால் நிற்பவரிடம் போனைக் கொடுத்து ஒரு சுற்று முழுவதையும் வீடியோ எடுக்கச் சொல்வது. விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் தட்டு தலைகாட்டிய ஃப்ரேமிலிருந்து சத்தம் கேட்கும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். 24 ஃப்ரேம் என்றால் 0.8 விநாடி, அதற்குள் தட்டு 15 கஜம் போயிருக்கும், பெல்லட் பறக்கும் நேரத்துக்கு இன்னும் இரண்டு கஜம், நீங்கள் நிற்கும் 16 கஜத்தையும் சேர்த்தால் 33. ஒரு தட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நேராகப் போகும் தட்டுக்கும் கோணத்தில் போகும் தட்டுக்கும் நீங்கள் எடுக்கும் நேரம் வேறுபடும். 35க்குள் உடைக்கிறீர்கள் என்றால் மாடிஃபைடே போதும், ஐஎம் தாராளம். அதற்கு மேல் என்றால் ஐஎம் அல்லது ஃபுல். தேர்ச்சிக்கு ஏற்பப் பின்னால் நின்று சுடும் ஹேண்டிகேப்பில் 27 கஜக் கோடு வரை தள்ளுவார்கள், அங்கே 43, 45 கஜம் ஆகிவிடும், ஃபுல்லைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வரும் டபுள்ஸில் முதல் தட்டைச் சட்டென்று எடுக்க வேண்டும், அதற்கு மாடிஃபைடு, இரண்டாவது தட்டு அதற்குள் தூரம் போய்விடும் என்பதால் அதற்கு ஐஎம்மோ ஃபுல்லோ. எந்தக் குழல் முதலில் சுடும் என்று செலக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், சோக்கை மாற்றிப் போட்டுவிட்டுக் குழலை மாற்ற மறப்பது நடக்கிற விஷயம். ஒலிம்பிக் டிராப்பில் தட்டு மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போகிறது, தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் அனுமதி இல்லை. பெல்லட் எண்ணிக்கை குறைவு, தூரமும் அதிகம், அதனால் அந்த ஆட்டத்துக்கென்றே செய்த துப்பாக்கிகளில் ஐஎம், ஃபுல் இரண்டையும் குழலோடு நிலையாகவே வைத்துவிடுவது வழக்கம்.

அகலமான சோக்கால் கிடைக்கும் லாபம் என்ன என்றும் பார்த்துவிடலாம். டிராப் தூரத்தில் ஃபுல்லுக்கும் மாடிஃபைடுக்கும் நடுவில் உபயோகமான சிதறலின் அகலம் ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் அளவுக்குத்தான் கூடும். புதியவர் தட்டைத் தவறவிடுவது இரண்டு விரல் வித்தியாசத்தில் அல்ல, ஒரு முழ வித்தியாசத்தில். தலையை ஸ்டாக்கிலிருந்து, அதாவது கன்னம் பதியும் கட்டையிலிருந்து, தூக்கினார், அல்லது குழலின் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சுட்டார். எந்த சோக்கும் அதைக் காப்பாற்றாது. மாறாக இறுக்கமான சோக் உங்களிடம் உண்மையைப் பேசும்: நடுவில் பட்டால் தட்டு கரும்புகையாகப் போகும், ஓரத்தில் பட்டால் ஒரு சில்லு மட்டும் பெயரும், அந்தச் சில்லு எந்தப் பக்கம் பெயர்ந்தது என்று பார்த்தே எங்கே சுட்டீர்கள் என்று சொல்லிவிடலாம்.

சோக்கின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பல இத்தாலியத் துப்பாக்கிகளில் நட்சத்திரக் குறி இருக்கும், ஒரு நட்சத்திரம்தான் ஃபுல், இரண்டு ஐஎம், மூன்று மாடிஃபைடு, நாலு இம்ப்ரூவ்டு சிலிண்டர். நட்சத்திரம் கூடினால் இறுக்கம் கூடும் என்று நினைத்து நாலு நட்சத்திரத்தோடு ஹேண்டிகேப் கோட்டில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் வெட்டுக்குறி இருந்தாலும் இதே கணக்குதான். அப்புறம், உங்கள் குழலின் உள்விட்டம் 0.729 ஆகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. இப்போதைய துப்பாக்கிகள் பலவற்றில் 0.740 வரை போகிறது, குறுக்கம் என்பது குழலுக்கும் சோக்கின் வாய்க்கும் உள்ள வித்தியாசம் என்பதால் சோக்கின் வாயை மட்டும் அளந்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவே காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். யாரும் செய்ய விரும்பாத வேலை, எனக்கும் அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. நாலடி அகலக் காகிதம், நடுவில் ஒரு குறி, உங்கள் தூரம் 35 கஜம் என்றால் 35 கஜத்தில் (புத்தகக் கணக்கின் 40ல் அல்ல), ஆட்டத்தில் போடும் அதே தோட்டா. ஒவ்வொரு சோக்குக்கும் ஐந்தாறு தாளாவது வேண்டும். பெல்லட் நெருக்கமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். அதன் நடு உங்கள் குறியைவிடச் சற்று மேலே இருந்தால் பயப்பட வேண்டாம், ஏறிப் போகும் தட்டுக்காக டிராப் துப்பாக்கிகளை அப்படித்தான் செய்கிறார்கள். இப்போது ஒரு அட்டையில் 11 செ.மீ.க்கு இரண்டரை செ.மீ. செவ்வகமாக ஓட்டை வெட்டித் தாளின் மேல் நகர்த்துங்கள். ஓட்டைக்குள் எத்தனை பெல்லட் துளை தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள். நடுப்பகுதியில் பெரும்பாலான இடங்களில் மூன்று துளையாவது தெரிந்தால் அந்த சோக் போதும். ஒன்றும் சைபருமாக வந்தால் ஒரு படி இறுக்குங்கள். ஒரு தாளில் எங்கோ ஓர் இடம் காலியாக இருப்பது தற்செயல், ஆறு தாளிலும் நடுப்பகுதி காலி காலியாக இருந்தால்தான் கவலை.

இதைச் செய்யும்போது தோட்டாவின் சேட்டையும் தெரியவரும். ஆன்டிமனி அதிகம் கலந்த கெட்டியான ஈயம் குழலுக்குள் நசுங்காமல் நேராகப் போகும், மலிவான மெத்தென்ற ஈயம் நசுங்கி ஓரத்துக்கு ஓடும். வேகம் கூடிய தோட்டாவும் கொஞ்சம் விரியும். தோட்டாவை மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் சில சமயம் ஒரு சோக் படியையே விழுங்கிவிடும். எஃகு பெல்லட் போட வேண்டிய மைதானம் என்றால் கணக்கு வேறு: எஃகு நசுங்காது, மாடிஃபைடிலேயே ஃபுல் மாதிரி இறுகி வரும், எஃகுக்கு ஏற்றது என்று குறிக்காத சோக்கில், முக்கியமாக ஃபுல்லில், அதைச் சுடவே கூடாது.

பராமரிப்பு பற்றி ஒரு வரி: துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சோக்கைத் தொட வேண்டும், மரையைத் துடைத்து லேசாக கிரீஸ் போட வேண்டும், சுற்றுக்கு நடுவில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சோக் இல்லாமல் வெறும் மரையோடு சுடவே கூடாது.

வெளியே நீட்டிய சோக் விஷயம். சாவி இல்லாமல் கையாலேயே கழற்றலாம், நிற வளையத்தைப் பார்த்தே எது எது என்று தெரியும், உள்ளே குறுகும் பகுதியை இன்னும் நீளமாக, மெதுவாகச் சாயும்படி செய்யவும் இடம் இருக்கும். சில துப்பாக்கியில் பேட்டர்ன், அதாவது பெல்லட் சிதறல், ஒரு சொட்டுச் சீராக வரும், சிலவற்றில் கூடவே வந்த சோக்குக்கும் அதற்கும் காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. வாங்கியே தீருவேன் என்றால் உங்கள் துப்பாக்கியின் மரை வகை என்ன என்று முதலில் பாருங்கள், ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று வகை உண்டு, ஒன்று இன்னொன்றில் ஏறாது, பாதி ஏறி நின்றால் இன்னும் ஆபத்து. ஐந்தும் வாங்காதீர்கள், ஐஎம் ஒன்று போதும், மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள்.