வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நாக்கின் ஓரத்தில் ஒரு மாதமாகப் புண் இருக்கிறது. வலியே இல்லை என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். புகையிலை, சிகரெட் கிடையாது, பாக்கு மட்டும் போடுவார். சதையை வெட்டி டெஸ்ட் எடுத்தால் நோய் பரவிவிடும் என்று வேறு சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் பல் டாக்டரிடம் காட்டினாலே போதும். வாயில் வருகிற சாதாரணப் புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், அதையும் தாண்டி நிற்கிற புண்ணைக் காட்டியே ஆக வேண்டும். வலி இல்லை என்பதால் அவர் நிம்மதியாக இருக்கிறார், எனக்கோ அதுதான் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, காதுவரை குத்துவதும் கழுத்தில் கட்டி தட்டுப்படுவதும் பல சமயம் நோய் வளர்ந்த பிறகுதான். நாக்கின் ஓரம் அது அடிக்கடி வருகிற இடமும்கூட. அதற்காக இது புற்றுதான் என்று சொல்லவில்லை. கூரான பல் உரசிக்கூட இப்படிப் புண் வரும். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், அந்தப் பாக்கு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பதே குறைந்துகொண்டு வரும். மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படலமோ சிவப்புத் திட்டோ தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிவப்பு இன்னும் ஆபத்தானது.

பயாப்ஸி செய்தால் பரவிவிடும் என்பது வெறும் பயம். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துணுக்கு எடுப்பார்கள், அவ்வளவுதான், அது இல்லாமல் சிகிச்சையையே முடிவு செய்ய முடியாது. ஒருவேளை புற்று என்றே வந்தாலும், சின்னதாக, ஆழமாக இறங்காமல் இருக்கும்போது பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷனிலேயே முடிந்துவிடும், சிலருக்குக் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். தள்ளிப்போட்டால் அதற்கு மேல் ஆறேழு வாரம் கதிர்வீச்சு, சிலருக்குக் கீமோவும், பேசுவதற்கும் விழுங்குவதற்கும் பயிற்சி என்று நீளும்.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் பாக்கை இன்றே நிறுத்தட்டும். புற்று இல்லை என்று வந்து, அதற்குப் பிறகும் புண் ஆறவில்லை என்றால், அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள், சில சமயம் வேறு இடத்தில் திரும்பவும் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.