அயர்லாந்தின் ரோஸ்காமன் அரசியலைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, வாடகை, குளிர், "டர்ஃப் வெட்டுகிறவரை எப்படி எம்.பி. ஆக்கினார்கள்?" என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் உங்கள் மனைவியின் ஆஸ்பத்திரி வார்டிலேயே பதில் கிடைக்கும். மூன்றாவதை மட்டும் வேலையிடத்தில் கேட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட அந்த எம்.பி., மைக்கேல் ஃபிட்ஸ்மாரிஸ், கால்வே மாவட்டத்துக் கிளின்ஸ்க் ஊர் விவசாயி. இயந்திரங்களோடு மற்றவர் நிலத்திலும் வேலை எடுத்துச் செய்தவர். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்துக் கணப்பில் எரிக்கும் கரிமண். ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தால் 53 சதுப்பு நிலங்களில் அதற்குத் தடை வந்தது. பரம்பரையாக வெட்டியவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். அதன் தலைவராகத்தான் இவர் பெயர் பரவியது. 2014 மே மாதம் கால்வே மாவட்டக் கவுன்சிலர் ஆனார். ரோஸ்காமன் தொகுதியின் டி.டி. (இங்கே எம்.பி.யை அப்படித்தான் சொல்வார்கள்) லூக் 'மிங்' ஃப்ளானகன் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனதால், அக்டோபர் இடைத்தேர்தலில் இவர் சுயேச்சை டி.டி. ஆனார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை!

இங்கே சீட்டில் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண் போடுவார்கள். முதல் சுற்றில் முந்தியது ஃபியன்னா ஃபாயில் கட்சி வேட்பாளர். தோற்றவர்களுக்கு முதலிடம் தந்தவர்களின் அடுத்த விருப்ப ஓட்டுகள் வந்து சேர்ந்து ஃபிட்ஸ்மாரிஸ் ஜெயித்தார். அதனால்தான் இங்கே எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்: முதல் ஓட்டு இல்லையா, இரண்டாவதைக் கொடுங்கள். 2016, 2020, 2024 என்று தொடர்ந்து ஜெயித்தார். இப்போது இன்டிபென்டன்ட் அயர்லாந்து கட்சி.

டப்ளினில் நம்மாட்கள் சிலர் ஃபிட்ஸ்மாரிஸ் போன்றவர்களைப் 'பட்டிக்காட்டான்' என்பார்கள். கேட்டால் வாக்காளர் பட்டியலில் அந்த நம்மாட்களுக்கே பெயர் இருக்காது. கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. 18 வயதும் இங்கே குடியிருப்பதும் போதும். டாயில் (டி.டி.க்கள் இருக்கும் நாடாளுமன்றக் கீழவை) தேர்தலுக்குத்தான் ஐரிஷ் அல்லது பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும். பி.பி.எஸ். எண் (அரசு தரும் தனிநபர் எண்), ஏர்கோடு (வீட்டின் அஞ்சல் குறியீடு) கையில் இருந்தால் ஆன்லைனிலேயே இப்போதே பதியுங்கள். தேர்தல் நெருங்கினால் பதிவை மூடிவிடுவார்கள். சீட்டில் 1, 2, 3 என்று எழுதவேண்டும். இருவருக்கு 1 போட்டால் செல்லாது.

வேலை பர்மிட் தாமதத்துக்கு டி.டி.யைப் பிடிக்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வரிசையைத் தாண்டவைக்க அவரால் முடியாது. கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கலாம், அவ்வளவுதான். மெடிக்கல் கார்டு (அரசின் இலவச மருத்துவ அட்டை) இழுத்தடித்தால் டி.டி.யைப் போய்ப் பாருங்கள். சாலைப் பள்ளத்துக்குக் கவுன்சிலர். விண்ணப்ப எண், நகல்கள், உங்கள் சார்பில் விசாரிக்கக் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் மூன்றும் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அலுவலகம் வாய் திறக்காது. நன்றிக்கென்று எதையும் நீட்டாதீர்கள், ஸ்வீட் பாக்ஸ்கூட.