முனி இல்லை என்று கண்டுகொண்டான்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ராகியும் வைத்திருக்கிறோம். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

எங்கள் ஊரில் இருட்டியபின் பிள்ளைகள் வெளியே போகக் கூடாது. ஏரிக்கரைப் புளியமரத்தில் முனி இருக்கிறது, அடித்துவிடும் என்று சொல்லித்தான் வளர்த்தோம். என் அப்பாவின் சாவைக்கூட அவனிடம் அப்படித்தான் சொன்னேன். என் பிறந்த வீடு அஞ்செட்டிப் பக்கம். 12 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி இரவில், ராகிக்குக் காவல் போன அப்பாவை ஒற்றை யானை மிதித்துவிட்டது. மகனுக்கு அப்போது மூன்று வயது. தாத்தா எங்கே என்று கேட்டவனிடம், 'முனி அடித்துவிட்டது' என்றேன். பிறகு திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

போன பொங்கலுக்கு அங்கே போனபோது, என் அண்ணன் மகன் நடந்ததைச் சொல்லிவிட்டான். ஊர் திரும்பிய மறுவாரமே இவன் நண்பர்களோடு நள்ளிரவில் புளியமரத்தடியில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்து வந்து, 'உன் முனி எங்கே, காட்டு' என்று என் முன்னால் நீட்டினான். இப்போது வாரத்தில் நான்கு இரவுகள் கொல்லை வழியாக ஏரிக்கரைக்குப் போகிறான். யானை நடமாட்டம் இருக்கிறது என்று வனத்துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். அதைச் சொன்னால், 'நீ சொல்வதில் எது உண்மை?' என்கிறான். அவன் அப்பா ஒருநாள் கை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவன் திரும்பி வரும்வரை நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் உடைந்த டார்ச் இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

மகனைப் பற்றிக் கேட்க வந்தவர், கடைசியில் அப்பாவின் டார்ச்சை எழுதிவிட்டு முடித்திருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். 12 ஆண்டுகளாக அந்தச் சாவை யாரோடும் பேசாமல் சுமந்திருக்கிறீர்கள். ஒவ்வோர் இரவும் திண்ணையில் நீங்கள் மகனுக்காக மட்டும் காத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வயதுக் குழந்தையிடம் நீங்கள் சொன்னதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 15 வயதில் அந்தப் பொய் அவன் கையில் அகப்பட்டுவிட்டது. தாத்தாவின் சாவையே மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்று அவன் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறான். இந்த வயதில் துணிச்சல் முன்னே ஓடும். நிதானிக்கும் மூளைப் பகுதி முழுதாக முதிர 25 வயது வரைகூட ஆகும். நண்பர்கள் அருகில் இருந்தால் துணிச்சல் இன்னும் கூடும். அடித்தோ பூட்டியோ இதை நிறுத்த முடியாது.

முனியப்பனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் அவர் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம். அவரை நாம்தான் பிள்ளைகளை மிரட்டும் பூச்சாண்டியாக்கிவிட்டோம். பூச்சாண்டி போனதும், அதன் பின்னால் நின்ற நிஜ ஆபத்தும் பையனுக்குக் கட்டுக்கதையாகிவிட்டது.

ஆகவே நிஜத்தைச் சொல்லுங்கள், மிரட்டாமல். யானையின் பாதத்தடியில் மெத்தைபோலக் கொழுப்புத் திசு இருக்கிறது. அத்தனை எடையும் இருட்டில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை; நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களை அறிந்துகொள்ளும். ஓடி ஜெயிக்க யாராலும் ஆகாது. இதெல்லாம் உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் போனார், ராகியைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால்.

நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னோர் ஆபத்தும் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. உங்கள் பக்கத்துச் செய்திதான், மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட கம்பி, இரவில் கொல்லை வழியாக நடக்கும் பையனுக்கும் யானைக்கும் வேறுபாடு பார்க்காது. எந்தக் கொல்லையில் யார் கம்பி இழுக்கிறார்கள் என்று ஊரில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் முனிக் கதை சொல்கிறோம். இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. உங்கள் கணவர் இதை ஊரில் பேசட்டும், வேண்டுமானால் மின்வாரியத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்கட்டும். அப்பா தனக்காக ஊரோடு பேசுகிறார் என்பது மகன் கண்ணில் படும். அதற்கு முன்பு, கை நீட்டியதற்கு அவரே அவனிடம் வருத்தம் சொல்ல வேண்டும். 'ஆனால்' போடாமல் சொல்ல வேண்டும்.

நண்பர்களோடு கூடுவது அவனுக்குத் தேவை. அதை ஏரிக்கரையிலிருந்து உங்கள் மொட்டை மாடிக்கோ கோயில் திடலுக்கோ மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். யானை வந்திருக்கும் நாட்களில் ஏரிக்கரை கிடையாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காரணத்தோடு சொன்ன ஒரு தடை நிற்கும். பத்துத் தடை நிற்காது.

உங்களுக்குத் தூக்கமே இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நாளைப் பகலில், அவன் பசியாறியிருக்கும் வேளையாகப் பார்த்து, டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டார்ச்சை அவன் கையில் கொடுத்து, 'உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்' என்று தொடங்குங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவன் எழுந்து போய்விட்டால் கூப்பிடாதீர்கள். டார்ச்சைத் திரும்ப வாங்கவும் வேண்டாம், அவனிடமே இருக்கட்டும்.