அப்பாயிக்கும் பங்கு உண்டு, தம்பி

தம்பி, நீங்கள் கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பினாங்கில் இருபது வருடமாக இருந்த சித்தப்பா போன மாதம் தவறிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி அடையாள அட்டை, வைத்திருந்தவர், உயில் எழுதவில்லை. சுங்கை ஆராவில் அவர் பெயரில் ஒரு ஃபிளாட், வங்கியில் கொஞ்சம் பணம். இங்கேயே பிறந்து வளர்ந்த சித்தி, இரண்டு மகள்கள், தஞ்சாவூரில் அவருடைய அம்மா, உங்கள் அப்பாயி. சித்தி கையில் இருக்கும் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்கலாமா, ஊர்த் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தக் கார்டு. தயவுசெய்து தொட வேண்டாம். ஆள் இறந்த நொடியிலேயே அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும், கடன்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய பணமாகிவிடுகிறது. 2016-இல் என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த்தில் இறந்தபோது, தகனத்துக்கும் கருமாதிக்கும் என்று நான் இரண்டு தடவை கார்டைப் போட்டு 3,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்தேன். ஆறு மாதம் கழித்து என் கொழுந்தனார் கணக்குக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாதிச் செலவுக்கு என்னிடம் ரசீது இல்லை, அழுகைதான் வந்தது. சித்தி கைக்காசில் செலவு செய்து ரசீதுகளைப் பத்திரப்படுத்தட்டும். இறுதிச் சடங்குச் செலவைச் சொத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம்.

வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்ட உதவும். ஆனால் இங்குள்ள வங்கியோ நில அலுவலகமோ அதை மட்டும் வைத்து எதையும் மாற்றித் தராது. இந்த நாட்டில் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து உத்தரவு வர வேண்டும். உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை உறுதிசெய்யும் உத்தரவு. இல்லாவிட்டால் மூன்று வாசல்கள். வீடு நிலம் எதுவும் இல்லாமல் 600,000 வெள்ளிக்குள் பணம், கார் மாதிரி மட்டும் இருந்தால் அமானா ராயா என்னும் அரசு அறங்காவல் நிறுவனம். வீடு அல்லது நிலம் இருந்து, மொத்தச் சொத்தும் 50 இலட்சம் வெள்ளிக்குள் இருந்தால் நில அலுவலகத்தின் பூசாகா (பரம்பரைச் சொத்து) பிரிவு. முன்பு 20 இலட்சமாக இருந்த வரம்பை 2024 ஜூலையில்தான் உயர்த்தினார்கள். அதற்கும் மேலே போனால் உயர்நீதிமன்றம். அங்கே நிர்வாகப் பத்திரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஜாமீன் வேண்டாம் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

சித்தியின் விஷயம் நில அலுவலகத்தோடு முடியும். வீடு, வங்கிப் பணம் இரண்டையும் ஒரே மனுவில், போராங் ஏ என்னும் படிவத்தில் எழுதலாம். பிறகு ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டு, வாரிசுகளைக் கேட்டு, பங்கு பிரித்து உத்தரவு போடுவார்கள். எனக்கு எல்லாம் முடிய 14 மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் பெயரால் போனது. வீட்டு கிராந்தில் (உரிமைப் பத்திரம்) என் வீட்டுக்காரர் பெயர், மகன் என்று குறிக்கும் 'அ/லெ' போட்டு அப்பா பெயருடன், வங்கியில் வெறும் இனிஷியலுடன், இந்தியப் பாஸ்போர்ட்டில் முன்பின்னாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா என்னும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இது வரும். சித்தப்பாவின் மரணச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் சித்தி வீடு முழுவதும் தனக்கே வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குச் சேர்த்து அரை, பெற்றோருக்குக் கால். கடன் போக 400,000 வெள்ளி மிஞ்சினால், தஞ்சாவூரில் இருக்கும் அப்பாயிக்கு ஒரு இலட்சம்.

என் மாமியார் காரைக்குடியில் இருந்தார். அவருக்குப் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமலே ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பும்படி சொந்தக்காரர் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். மனசு ஒப்பவில்லை. ஃபோன் போட்டு, "அத்தை, உங்க மகன் சொத்துல கால் பங்கு உங்களுது. வேணும்னா வாங்கிக்கலாம், வேண்டாம்னா பேரப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம்" என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவன் பேர்ல எனக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளுக்கே விட்டுவிடுவதாக அவரே சொன்னார். நோட்டரி முன்னால் கையெழுத்தானது. அவர் இருந்தவரை மாதாமாதம் நான் பணம் அனுப்பினேன். உங்கள் அப்பாயிடமும் முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்தைக் கேளுங்கள். சின்ன மகளின் பங்கை அவளுக்கு 18 ஆகும்வரை அவள் சார்பில் வேறொருவர் பொறுப்பில்தான் வைப்பார்கள், அதை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

கேடபிள்யூஎஸ்பி என்னும் ஊழியர் சேமநிதிப் பணத்துக்குச் சித்தப்பா வாரிசு நியமனம் செய்திருந்தால் இந்த வரிசையில் நிற்கவே வேண்டாம், நேராகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கடன் இருந்தால் எம்ஆர்டிஏ, அதாவது இறந்தால் கடனை அடைக்கும் காப்பீடு, எடுத்திருந்தாரா என்று வங்கியில் கேளுங்கள். அது தெரியும்வரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். மரண வரி பற்றிப் பயம் வேண்டாம், 1991-இலேயே எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கும் ஒன்று. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் கேடபிள்யூஎஸ்பி பிடிக்கிறார்கள். உங்கள் வாரிசு நியமனத்தை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். ஞாயிற்றுக்கிழமை வந்து சித்தியோடு உட்கார்ந்து கிராந், ஐசி நகல்கள், மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடுக்குங்கள். திங்கள் காலை நில அலுவலகத்துக்கு நானும் வருகிறேன்.